தமிழ்க் கட்டுரைத் தொகுப்புக்கு ஒரு தேடல் சேவை அமைப்பது எப்படி

ஓர் இதழின் பழைய கட்டுரைகளோ, ஒரு கல்லூரி நூலகத்தின் ஆய்வேடுகளோ, ஏறத்தாழ பத்தாயிரம் தமிழ் ஆவணங்கள் கோப்புகளாகக் கையில் இருக்கின்றன என்றும், அவற்றைத் தேடித் தரும் ஒரு சேவையை அமைக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். இன்று பெரும்பாலானோர் எலாஸ்டிக்சர்ச் போன்ற ஒரு மென்பொருளை நிறுவி, கோப்புகளை அதனுள் ஏற்றி, மேலே ஒரு தேடல் பெட்டியை வைத்துவிடுகிறார்கள். பெட்டி வேலை செய்வது போலவே தோன்றும். ஆனால் 'வீடு' என்று தேடுகிறவருக்கு, 'வீட்டை', 'வீட்டின்', 'வீடுகளில்' என்று மட்டுமே எழுதியிருக்கும் நல்ல கட்டுரை ஒன்று கண்ணில் படவே படாது. விடுபட்டதைப் பற்றி எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால், சேவையை நடத்துகிறவருக்கும் அது தெரியாது.

இந்த வழிகாட்டி, தகவல் மீட்பு ஆய்வில் நிலைபெற்றுவிட்ட பிஎம்25 என்ற நிகழ்தகவு மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. பிஎம்25 சொற்களின் எண்ணிக்கைகளை மட்டுமே நம்புகிறது. தமிழ் உரையை அப்படியே கொடுத்தால் அந்த எண்ணிக்கைகள் தவறாக அமைகின்றன; ஆகவே உழைப்பில் பெரும்பங்கைச் சூத்திரத்துக்கு முந்தைய படிகளில் செலவிட வேண்டும் என்பதே என் முடிவு. சூத்திரத்தில் நாம் விரும்பியபடி வைக்கக்கூடிய எண்களான அளவுருக்களை மாற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகு செய்ய வேண்டிய சிறு வேலை.

சூத்திரம் எதை எண்ணுகிறது

ஓர் ஆவணம் வினவலுக்கு, அதாவது தேடுகிறவர் தட்டும் சொற்களுக்கு, பொருத்தமாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணித்து, அந்த வரிசையிலேயே முடிவுகளை அடுக்க வேண்டும் என்ற எண்ணம் 1960இல் மாரன், கூன்ஸ் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலேயே இருக்கிறது. ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ அவ்வளவு அதிக எடை அதற்குத் தரப்பட வேண்டும் என்பதை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். அவரும் ஸ்டீவன் ராபர்ட்சனும் 1976இல் அந்த எடைக்கு நிகழ்தகவு அடிப்படையில் விளக்கம் தந்தார்கள். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஒகாப்பி தேடல் அமைப்பில் ராபர்ட்சனும் சக ஆய்வாளர்களும் பல வடிவங்களைச் சோதித்து, தேடல் முறைகளை ஒப்பிடும் டிரெக் என்ற ஆய்வுப் போட்டியில் 1994ஆம் ஆண்டு கொண்டுவந்த வடிவமே பிஎம்25. லூசீன் என்ற தேடல் நிரல் நூலகம் 2016இல் வெளிவந்த தன் ஆறாம் பதிப்பிலிருந்து இதையே இயல்பு மாதிரியாக, அதாவது நாம் மாற்றாதவரை இயங்கும் மாதிரியாக, வைத்திருக்கிறது. லூசீன்மேல் கட்டப்பட்ட எலாஸ்டிக்சர்ச்சும் அப்படியே.

சூத்திரத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது சொல்லின் அருமை, அதாவது அது எவ்வளவு அரிதாக வருகிறது என்பது. மொத்த ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் வரும் ஆவணங்களைக் கழித்து, 0.5 கூட்டி, அதைச் சொல் வரும் ஆவண எண்ணிக்கையும் 0.5உம் சேர்ந்த தொகையால் வகுத்து, கிடைப்பதோடு ஒன்றைக் கூட்டி, இயற்கை மடக்கை எடுத்தால் லூசீன் பயன்படுத்தும் எடை கிடைக்கும். பத்தாயிரம் ஆவணங்களில் ஒரு சொல் 2,000 ஆவணங்களில் வந்தால் அதன் எடை 1.61, 20 ஆவணங்களில் மட்டும் வந்தால் 6.19.

இரண்டாவது, ஓர் ஆவணத்துக்குள் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பது. இதில் கே1, பி என்று இரண்டு அளவுருக்கள் உண்டு. வழக்கமான மதிப்புகள் முறையே 1.2, 0.75. சராசரி நீளமுள்ள ஆவணத்தில் ஒரு சொல் ஒரு முறை வந்தால் மதிப்பு 1, இரு முறை வந்தால் 1.375, மூன்று முறை வந்தால் 1.571, பத்து முறை வந்தால் 1.964. எத்தனை முறை வந்தாலும் 2.2ஐத் தாண்டாது. அதாவது முதல் சில வருகைகளுக்குத்தான் மதிப்பு. அதன்பின் திரும்பத் திரும்பச் சொல்வதால் பெரிய லாபம் இல்லை. இந்தப் பண்பைக் கே1 கட்டுப்படுத்துகிறது. ஆவணத்தின் நீளத்துக்கு எவ்வளவு தண்டனை என்பதைப் பி கட்டுப்படுத்துகிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'வீடு' ஏதோ ஒரு வடிவில் 2,000 கட்டுரைகளில் வருகிறது. 'வீட்டிலிருந்து' என்ற வடிவம் மட்டும் 20 கட்டுரைகளில்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'வீட்டிலிருந்து வேலை' என்று தேடினால், சூத்திரம் அந்த முதற்சொல்லை மிக அரிய சொல்லாகக் கருதி 6.19 எடை கொடுத்துவிடும். உண்மையில் அது பெறவேண்டியது 1.61. விளைவு, 'வீட்டிலிருந்து கிளம்பினான்' என்ற வரி உள்ள சிறுகதை மேலே வந்து நிற்கும். தொலைநிலைப் பணி பற்றிய கட்டுரை கீழே போய்விடும். மறுபக்கம், 'வீடு', 'வீட்டை', 'வீட்டுக்கு' என்று மூன்று முறை பேசும் கட்டுரைக்கு 1.571 கிடைக்க வேண்டிய இடத்தில் 1 மட்டுமே கிடைக்கும். அருமைக் கணக்கும் தவறு, அடர்த்திக் கணக்கும் தவறு. சூத்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே முடிவு கெட்டுப்போகிறது.

எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்

முதலில் எல்லாக் கோப்புகளும் ஒருங்குறியில் (யூனிகோட்) இருப்பதை உறுதிசெய்யுங்கள். 2000களின் தொடக்கம்வரை தட்டச்சு செய்யப்பட்ட உரைகள் திஸ்கி, டாப், பாமினி போன்ற குறிமுறைகளில் இருப்பது சாதாரணம். மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன; ஆனால் மாற்றிய பின் ஒவ்வொரு கோப்பிலும் தமிழ் எழுத்துகளின் விகிதம் எவ்வளவு என்று நிரலால் எண்ணிப் பார்த்து, மிகக் குறைவாக உள்ளவற்றைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பாதி பாமினியாகவும் பாதி ஒருங்குறியாகவும் உள்ள கோப்புகள் இந்தச் சோதனையில்தான் அகப்படும்.

அடுத்து, ஒருங்குறிக்குள்ளேயே ஒரே எழுத்து இரு விதமாகச் சேமிக்கப்படுவது. 'கொ' என்பதை ஒற்றை உயிர்க்குறியாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுக்கியும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். என்எஃப்சி என்ற ஒருங்குறி இயல்பாக்கம் இதைத் தீர்த்துவிடும், பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரே வரியில் செய்யக்கூடியது. அச்சில் தெரியாத இணைப்பான், பிரிப்பான் குறிகளை அதே இடத்தில் நீக்கிவிடுங்கள். இணையத்திலிருந்து நகலெடுத்த உரையில் அவை ஏராளமாகக் கிடக்கும்.

என்எஃப்சியால் தீராதவைதான் தொல்லை தருபவை. 'ஔவையார்' என்பதைப் பலர் 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுகிறார்கள். 'கௌதமன்', 'மௌனம்', 'வௌவால்' ஆகியவற்றுக்கும் இதே கதி. இதற்கான விதி எளிது: ஒகரத்தையோ எகரக் கொம்பு பெற்ற மெய்யையோ அடுத்து வரும் ளகரத்தின்மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால், அதை ஔகாரமாக மாற்றலாம். 'ஒளி', 'தெளிவு', 'வெள்ளம்' ஆகியவை இவ்விதியில் சிக்கமாட்டா. ஆனால் உங்கள் தொகுப்பில் பேச்சுவழக்கில் எழுதிய சிறுகதைகள் இருந்தால் 'வெளக்கு', 'வெளங்கல' போன்றவை சிக்கும். அவற்றை விதிவிலக்காக எழுதிவையுங்கள். 'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. முதலெழுத்தாக ஸகர மெய்யைக் கொண்டது ஒன்று, பின்னாளில் ஒருங்குறியில் சேர்ந்த ஶகர மெய்யைக் கொண்டது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது வந்தாலும் ஒன்றாக மாற்றிவிடுவதே வழி.

சொற்களைப் பிரித்தல்

இந்தப் படியைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், ஏனெனில் தமிழில் சொற்களுக்கிடையே இடைவெளி இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பைத்தான் மொழியோடு வரும் வழக்கமான உருவக்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) நூலகத்தில், 'சொல்லெழுத்து' என்பதற்கான குறி தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. அதைக் கொண்டு 'தமிழ்' என்பதைப் பிரித்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். சைக்கிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நிரல் நூலகத்தின் இயல்பு அமைப்பு ஓரெழுத்துத் துண்டுகளை நீக்கிவிடுவதால் 'தம' மட்டும் மிஞ்சும். 'தமிழர்', 'தமையன்', 'தமுக்கம்' எல்லாவற்றிலிருந்தும் அதே 'தம' கிடைக்கும். அந்தத் துண்டின் அளவில் நான்கும் ஒரே சொல்லாக எண்ணப்படும். தமிழில் செய்யப்படும் மாணவர் ஆய்வுகளில் விளங்காத முடிவுகள் வரும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

தீர்வு, ஒருங்குறியின் தமிழ்ப் பகுதிக்குள் வரும் எந்தக் குறியும் தொடர்ந்து வந்தால் அதை ஒரே சொல்லாக எடுக்கும்படி விதியை நீங்களே எழுதுவது. சிறிய தொகுப்புக்கு எஸ்க்யூலைட் என்ற தரவுதள மென்பொருளின் முழுவுரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 போதும். அதனுள் பிஎம்25 ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு சொற்பிரிப்பானும் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்பதால், உயிர்க்குறிகளுக்கான ஒருங்குறி வகைகளையும் அமைப்பில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதில் மதிப்பெண் எதிர்மறை எண்ணாக வரும். சிறிய எண்ணே நல்ல பொருத்தம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விகுதிகளை நீக்குதல்

வேலையின் மையம் இதுதான். 'மரங்களிலிருந்தும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இறுதி 'உம்' நீங்கினால் 'மரங்களிலிருந்து'. வேற்றுமை உருபு நீங்கினால் 'மரங்கள்'. பன்மை நீங்கினால் 'மரம்'. உரிக்கும் வரிசை முக்கியம். முதலில் ஒற்று மிகுதலால் வந்த க், ச், த், ப். 'வீட்டுக்குப்' என்பதில் உள்ள இறுதி 'ப்' போல. அதன்பின் 'உம்', 'தான்', 'ஏ', 'ஆ' போன்ற இடைச்சொற்கள். அதன்பின் வேற்றுமை உருபு. அதன்பின் பன்மை. கடைசியாகச் சாரியையையும் இரட்டித்த ஒற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்: 'மரத்தை' என்பதிலிருந்து 'மரம்', 'ஆற்றில்' என்பதிலிருந்து 'ஆறு', 'வீட்டில்' என்பதிலிருந்து 'வீடு'.

எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்து வெட்டும் எந்த விதியும் சில நல்ல சொற்களையும் வெட்டும். 'இல்' உருபை நீக்கும் விதி 'கோயில்', 'மயில்', 'வெயில்', 'ரயில்' ஆகியவற்றின் வாலையும் நறுக்கிவிடும். 'ங்கள்' என்பதை 'ம்' ஆக்கும் விதி 'திங்கள்' என்பதைத் 'திம்' ஆக்கும். 'கள்' நீக்கும் விதி 'மக்கள்' என்பதை 'மக்' என்று விட்டுவிடும். 'ட்டில்' என்பதை 'டு' ஆக்கும் விதி 'காட்டில்' என்பதற்குச் சரி. 'பட்டில்' என்பதற்குத் தவறு. 'பாட்டில்' என்பதோ பாடலுக்குள் இருப்பதாகவும் இருக்கலாம், தண்ணீர் ஊற்றிவைக்கும் குப்பியாகவும் இருக்கலாம். கடைசியில் சொன்னதை எந்த விதியாலும் தீர்க்க முடியாது. அதை அப்படியே விட்டுவிடுவதே மேல்.

ஸ்னோபால் என்ற திறந்தமூலத் தொகுப்பில் தமிழுக்கான விகுதிநீக்கி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதை உங்கள் தொகுப்பின்மேல் ஓட்டிப் பார்க்காமல் சேவையில் வைக்காதீர்கள். ஓட்டிப் பார்க்கும் முறை இது. தொகுப்பில் உள்ள எல்லாச் சொல்வடிவங்களையும் எடுத்து, ஒரே அடிச்சொல்லுக்கு வந்து சேரும் வடிவங்களை ஒரு குழுவாக்குங்கள். குழுக்களை அவற்றின் மொத்த வருகை எண்ணிக்கைப்படி அடுக்கி, மேலிருந்து ஆயிரம் குழுக்களைப் படியுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள் ஒரே குழுவில் இருந்தால் விதி அதிகம் வெட்டுகிறது. ஒரே சொல்லின் வடிவங்கள் இரு குழுக்களில் இருந்தால் குறைவாக வெட்டுகிறது. இரண்டு நாள் பிடிக்கும் சலிப்பான வேலைதான். இந்த வழிகாட்டியில் உள்ள வேறு எந்த வேலையும் இந்த அளவுக்குப் பலன் தராது என்று துணிந்து சொல்வேன். இதிலிருந்து கிடைக்கும் விதிவிலக்குப் பட்டியலை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பாக வைத்திருங்கள்; தமிழ் நன்கு அறிந்த, நிரல் எழுதாத ஒருவரும் அதைத் திருத்த முடியும்.

வினைச்சொற்களில் அளவோடு நில்லுங்கள். 'படித்தான்', 'படிக்கிறாள்', 'படிப்பார்கள்' ஆகியவற்றை ஒன்றாக்கப் போய், 'படிகள்', 'நாழி படி', 'சொன்னபடி' எல்லாவற்றையும் அதே குழுவில் சேர்த்துவிடுவது எளிது. கட்டுரைத் தொகுப்புகளில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களைத்தான் தட்டுகிறார்கள். பெயர்ச்சொல் சீராகிவிட்டால் பாதிக் கிணறுக்கு மேல் தாண்டியாயிற்று.

விகுதி நீக்கிய வடிவத்தோடு மூல வடிவத்தையும் வேறொரு புலமாகச் சுட்டில், அதாவது எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்ற பட்டியலில், வைப்பது வழக்கம். சரியாக அதே சொற்றொடரைத் தேடுகிறவருக்கு அது உதவும். ஆனால் மூல வடிவப் புலத்தில், மேலே கண்ட பொய்யான அருமை மீண்டும் தலைதூக்கும். ஆகவே அதன் மதிப்பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவிலான சிறிய எடையை மட்டும் கொடுத்துத் தொடங்குங்கள்.

விகுதிநீக்கியே வேண்டாம், சொல்லை நான்கு நான்கு எழுத்துத் துண்டுகளாக வெட்டிச் சுட்டில் வைத்தால் போதும் என்ற கருத்தும் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் அது நன்றாகவே வேலை செய்வதாக மெக்னமி, மேஃபீல்டு ஆகியோரின் 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தமிழில் அதற்கு ஒரு தடை இருக்கிறது. 'வீட்டிலிருந்து' என்பது ஏழு எழுத்து. 'லிருந்து' போன்ற துண்டுகள் எல்லா இடத்திலும் வருவதால் அருமைக் கணக்கே அவற்றின் எடையைக் குறைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 'வீடு' இரண்டே எழுத்து, நான்கெழுத்துத் துண்டு ஒன்றுகூட அதிலிருந்து கிடைக்காது. துண்டு முறையை நீண்ட ஊர்ப்பெயர்களுக்கும், ஆங்கிலச் சொற்களைத் தமிழில் பலவாறு எழுதுவதால் வரும் வேறுபாடுகளுக்கும் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

'உயர்நீதிமன்றம்' என்று சேர்த்தும் 'உயர் நீதிமன்றம்' என்று பிரித்தும் எழுதும் பழக்கத்துக்கு, அடுத்தடுத்த இரு சொற்களை ஒட்டிய வடிவத்தையும் சுட்டில் சேர்ப்பது போதுமானது. 'கணினி', 'கணிப்பொறி', 'கம்ப்யூட்டர்' போன்ற ஒருபொருட் சொற்களுக்குச் சிறு பட்டியல் ஒன்று. அதைச் சுட்டில் பயன்படுத்தாமல் வினவலில் மட்டும் பயன்படுத்தினால், பட்டியலை மாற்றும்போதெல்லாம் சுட்டை மறுபடி கட்ட வேண்டியிராது.

அளந்து பார்த்தல்

இருபதுக்கும் மேற்பட்ட விதிகளை எழுதிய பிறகு, எது உதவுகிறது என்பதை நினைவாலோ இரண்டு மூன்று தேடல்களைச் செய்து பார்த்தோ சொல்ல முடியாது. சிரில் கிளெவர்டன் 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் 1,400 ஆவணங்களை வைத்துச் செய்த சோதனைகள் காட்டிய வழியிலேயே இன்றும் போகிறோம்: ஆவணத் தொகுப்பு ஒன்று, வினவல்கள் சில, ஒவ்வொரு வினவலுக்கும் எந்த ஆவணம் பொருந்தும் என்ற மனிதத் தீர்ப்பு. அமெரிக்காவில் 1992 முதல் நடக்கும் டிரெக்கும், இந்திய மொழிகளுக்காக 2008இல் தொடங்கிய ஃபயரும் இதே முறையைப் பின்பற்றுகின்றன.

உங்களுக்கு ஐம்பது வினவல்கள் போதும். அவற்றை நீங்களே யோசித்து எழுதாதீர்கள். ஏற்கெனவே தேடல் பெட்டி இருந்தால் அதன் பதிவேட்டிலிருந்தும், இல்லையென்றால் தொகுப்பைப் பயன்படுத்தப் போகும் ஐந்தாறு பேரிடமிருந்தும் வாங்குங்கள். பிறகு மூன்று வெவ்வேறு அமைப்புகளில், உதாரணமாக விகுதி நீக்காதது, ஸ்னோபால், உங்கள் திருத்திய விதிகள் ஆகியவற்றில், ஒவ்வொரு வினவலையும் ஓட்டி, முதல் இருபது முடிவுகளை ஒன்றாகக் கலந்து, எது எந்த அமைப்பிலிருந்து வந்தது என்று தெரியாமல் தீர்ப்பு எழுதச் செய்யுங்கள். பொருந்தாது 0, ஓரளவு பொருந்தும் 1, நன்றாகப் பொருந்தும் 2. இருவர் தீர்ப்பு எழுதினால் இருவரும் எல்லாவற்றிலும் உடன்படமாட்டார்கள். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. தீர்ப்பாளர் மாறினாலும் அமைப்புகளின் ஒப்பீட்டு வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை என்று எலன் வூர்ஹீஸ் டிரெக் தரவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்.

அளவைக்கு, நல்ல முடிவுகள் மேலே வருகின்றனவா என்று பார்க்கும் என்டிசிஜி என்பதைப் பரிந்துரைக்கிறேன். முதலிடத்துக்கு முழு மதிப்பு. இரண்டாம் இடத்தின் மதிப்பை 1.585ஆலும் மூன்றாம் இடத்தின் மதிப்பை 2ஆலும் வகுக்க வேண்டும். முதல் மூன்று முடிவுகளின் தீர்ப்புகள் 2, 0, 1 என்றால் கூட்டுத்தொகை 2.5; அதே மூன்றும் சிறந்த வரிசையில் வந்திருந்தால் 2.63, ஆகவே அளவை 0.95. அவையே 0, 1, 2 என்று தலைகீழாக வந்திருந்தால் 0.62. ஐம்பது வினவல்களின் சராசரியோடு, எந்த வினவல்களில் மதிப்பு சரிந்தது என்பதையும் தனியாகப் பாருங்கள். புதிய விதி ஒன்று சராசரியை உயர்த்திக்கொண்டே ஏழெட்டு வினவல்களைப் பாழாக்குவது அடிக்கடி நடக்கும்.

அளவுருக்களை இந்தக் கட்டத்தில்தான் தொட வேண்டும். கே1ஐப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். பி மட்டும் கலப்புத் தொகுப்புகளில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். சராசரி 800 சொல் உள்ள தொகுப்பில், 40 சொல் கவிதை ஒன்றும் 4,000 சொல் கட்டுரை ஒன்றும் இருப்பதாக வையுங்கள். இயல்பு மதிப்பில், கவிதையில் ஒரே ஒரு முறை வந்த சொல்லுக்கு 1.64 கிடைக்கும்; அந்த மதிப்பை எட்டக் கட்டுரை அதே சொல்லைப் பதினான்கு முறை சொல்ல வேண்டும். பியை 0.3 ஆகக் குறைத்தால் மூன்று முறை சொன்னால் ஏறத்தாழச் சமமாகிவிடும். நீண்ட கட்டுரைகளை 300 சொல் அளவிலான பகுதிகளாக வெட்டிச் சுட்டில் வைப்பது இன்னொரு வழி. எனக்கு அதுவே பிடிக்கும், ஏனெனில் தேடியவருக்குக் கட்டுரையின் எந்த இடம் என்பதையும் காட்ட முடியும். ஐம்பது வினவல்களில் பாதியில் அளவுருவைத் தேர்ந்தெடுத்து, மறுபாதியில் சோதியுங்கள்.

உரையின் பொருளை எண் வரிசைகளாக மாற்றிய பொருள் திசையன்களைக் கொண்டு தேடும் புதிய முறைகளைப் பற்றிக் கேட்பார்கள். 2021இல் வெளிவந்த பெய்ர் என்ற ஒப்பீட்டுத் தொகுப்பு, பயிற்சி பெறாத புதிய துறைகளில் பிஎம்25 இன்னும் வலுவான போட்டியாளர் என்பதைக் காட்டியது. திசையன் தேடலைச் சேர்ப்பதானால் பிஎம்25ஐ நீக்காமல் பக்கத்தில் சேருங்கள்.

சேவையாகப் பிரித்து நிறுத்துதல்

இவ்வளவையும் ஒரே நிரலாக வைக்காமல் மூன்று சேவைகளாகப் பிரிப்பது நல்லது: உரையைச் சீராக்கி அடிச்சொற்களைத் தரும் பகுப்பாய்வுச் சேவை, சுட்டைக் கட்டும் சேவை, வினவலுக்குப் பதில் தரும் தேடல் சேவை. இப்படிப் பிரிப்பதற்கான காரணம் முதலாவதில் இருக்கிறது. ஆவணமும் வினவலும் ஒரே விதிகளின் வழியாகச் செல்ல வேண்டும். சுட்டைக் கட்டும் நிரலில் ஒரு பதிப்பும் தேடும் நிரலில் வேறொரு பதிப்பும் இருந்தால், 'ஆற்றில்' ஓரிடத்தில் 'ஆறு' என்றும் மற்றோரிடத்தில் 'ஆற்ற்' என்றும் ஆகி, தேடல் ஓசையின்றிச் செத்துப்போகும். விதிகளுக்கு ஒரு பதிப்பெண் கொடுத்து, அதைச் சுட்டுக்குள் எழுதிவையுங்கள். தேடல் சேவை தொடங்கும்போது இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் இயங்க மறுக்க வேண்டும். விதிவிலக்குப் பட்டியலில் ஒரு சொல் மாறினாலும் பதிப்பெண் மாறும், சுட்டு மறுபடி கட்டப்படும். பத்தாயிரம் கட்டுரைகளுக்கு அது சில நிமிட வேலைதான். புதிய சுட்டைப் பழையதன் பக்கத்திலேயே கட்டி, ஐம்பது வினவல்களையும் அதன்மேல் ஓட்டி, மதிப்பு குறையாவிட்டால் மட்டும், தேடல் சேவை சுட்டை அழைக்கும் பெயரான பெயர்ச்சுட்டியைப் புதியதற்கு மாற்றுங்கள். பழையதை ஒரு வாரம் அழிக்காதீர்கள்.

வேறு நிறுவனங்களின் தேடல் சேவைகளையும் இணைத்து ஒரே பட்டியலாகக் காட்ட நினைத்தால், மதிப்பெண்களை நேரடியாகக் கலக்கக் கூடாது. ஒவ்வொரு சேவையும் தன் தொகுப்புக்குள் மட்டும் அருமையைக் கணக்கிடுகிறது. சட்டத் தொகுப்பில் 'வழக்கு' மலிவான சொல், சமையல் தொகுப்பில் அரிய சொல். ஒரே சுட்டைப் பல துண்டங்களாகப் பிரித்து வைக்கும்போதும் சிறு அளவில் இதே கோளாறு வரும். பத்தாயிரம் கட்டுரைக்கு ஒரே துண்டம் போதும். கலப்பதற்கு, மதிப்பெண்ணைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்க்கும் முறை ஒன்றைக் கோர்மாக், கிளார்க், பியூட்சர் ஆகியோர் 2009இல் தந்தார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஆவணத்தின் இடத்தோடு 60ஐக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்து, கிடைப்பவற்றைக் கூட்ட வேண்டும். ஒரே பட்டியலில் முதலிடம் பெற்ற ஆவணத்துக்கு 0.0164; இரண்டு பட்டியல்களிலும் மூன்றாம் இடம் பெற்றதற்கு 0.0317. பிஎம்25 முடிவையும் திசையன் முடிவையும் சேர்ப்பதற்கும் இதுவே மிக எளிய, நம்பத்தக்க முறை.

பல சேவைகளைச் சார்ந்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதுவும் நிகழ்தகவுக் கணக்குதான். ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு நேரம் உயிரோடு இருக்கும் நான்கு சேவைகளும் தேவைப்பட்டால், மொத்தம் 99.6 விழுக்காடு. தாமதமும் அப்படியே: ஒவ்வொரு சேவையும் நூறில் ஒரு முறை தடுமாறினால், நான்கையும் கேட்கும் தேடல்களில் ஏறத்தாழ நூறில் நான்கு தடுமாறும். நூறு இயந்திரங்களைக் கேட்கும் பெரிய அமைப்பில் அது நூறில் அறுபத்துமூன்று என்று கூகுளின் டீன், பரோசோ ஆகியோர் 2013இல் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே வெளிச் சேவை ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி போன்ற ஒரு காலவரம்பு வையுங்கள். வரம்புக்குள் பதில் வராவிட்டால் வந்தவற்றை மட்டும் காட்டி, எந்தத் தொகுப்பு விடுபட்டது என்பதையும் பதிலிலேயே ஒரு புலமாகத் தெரிவியுங்கள்.

பதிவேட்டில் வினவல், பயன்படுத்திய பதிப்பெண், முடிவுகளின் எண்ணிக்கை, எடுத்த நேரம் ஆகிய நான்கையும் எழுதினால் போதும். தேடியவர் யார் என்பது தேவையில்லை. நேரத்தைச் சராசரியாகப் பார்க்காமல் 95ஆம் சதமானமாக, அதாவது நூறில் 95 தேடல்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்று, பாருங்கள். மாதம் ஒரு முறை, முடிவு எதுவும் கிடைக்காத வினவல்களை மட்டும் எடுத்துப் படியுங்கள். அவற்றில் சில தொகுப்பில் இல்லாத பொருளைத் தேடியவை. சில ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். மீதி, விதிகள் தவறவிட்ட சொல்வடிவங்கள். அந்த மீதியிலிருந்து ஐந்தாறை எடுத்து, தீர்ப்புகளோடு சோதனை வினவல்களில் சேர்த்துவிட்டு, அதன்பிறகே விதியைத் திருத்துங்கள்.